கையைத் தூக்குங்கோ

ஊரில் பதினாறு வருடம் பல் வைத்தியம் பார்த்தவள் சிவகௌரி. இந்த நாட்டில் அதே வேலைக்கு உரிமம் வேண்டுமென்றால், ஒரு பிளாஸ்டிக் தலையின் பல்லைக் குடைந்து அடைத்துக் காட்ட வேண்டும். அந்தத் தேர்வில் இரண்டு தடவை தவறிவிட்டாள். இதுதான் கடைசித் தடவை.

“நொந்தா கையைத் தூக்குங்கோ, ஐயா” என்று சொல்லிவிட்டுத்தான் குனிந்தாள். வாய்ப்பழக்கம் விடுமா என்ன? கொஞ்சம் குடைவாள், நிறுத்துவாள், கை எழுகிறதா என்று பார்ப்பாள். மணி அடித்தபோது பாதிக் குழிகூட முடியவில்லை.

மேற்பார்வைக்கு நின்ற தமிழ்ப் பெண் கிட்ட வந்து மெல்லச் சொன்னாள்: “அக்கா, அதுக்குக் கையே இல்லையே.”

“தெரியும் பிள்ளை” என்றபடி தலையின் வாயோரத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டாள் சிவகௌரி. பிறகு, யாரும் கேளாமலே, கையுறை கழற்றாத தன் கையை மெல்லத் தூக்கினாள்.