வற்றிய சுனை

அவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். மறுபடி எடுத்தார்.

ஒருவர்கூட அழவில்லை.

காலையில்தான் இணையத்தில் அந்த அத்தியாயத்தை ஏற்றியிருந்தார். வில்லும் வாளும் மந்திரமுமாக ஆண்டுக்கணக்கில் ஓடும் அவருடைய தொடர்கதை. அதில் கடைக்குட்டி இளவரசி காந்தள் செத்துப்போனாள்.

போர் இல்லை. சாபம் இல்லை. வெறும் காய்ச்சல்.

"சும்மா பயமுறுத்தாதீங்க சார், அடுத்த வாரம் எழுந்து வந்துடுவா."

"சுனைத் தண்ணி ரெடியா அண்ணே?"

கூடவே, கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள்.

யாரைக் குறை சொல்ல? எல்லாம் அவர் செய்த வேலை.

முதலில் சேனாதிபதியைக் கொன்றார். வாசகர்கள் ஓவென்று அழுதார்கள். சோறு இறங்கவில்லை என்று எழுதினார்கள். மனசு கேட்காமல் ஒரு மாயச்சுனையை உண்டாக்கி, அதன் நீரைத் தெளித்து அவனை எழுப்பினார். அப்புறம் ராணியை. அப்புறம், வெட்கக்கேடு, ஒரு குதிரையை.

அதற்குப் பிறகு அந்தக் கதையில் எவன் செத்தாலும் யாருக்கும் வலிக்கவில்லை.

காந்தளுக்கு முன்பல் விழுந்த ஓட்டை இருந்தது. அரண்மனையில் இருந்துகொண்டு தோசையின் மொறுமொறு ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்பாள்.

அதெல்லாம் நறுமுகையினுடையது. அவருடைய மகள். ஆடி மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து அவள் இல்லாமல் வீடு திரும்பினார்கள்.

அவளுக்காக நாலு பேர் அழட்டும் என்றுதான் எழுதினார். அதற்கென்றே போன வாரமே கதையில் சுனையை வற்ற வைத்திருந்தார். அதையும் யாரும் நம்பவில்லை.

சமையலறையிலிருந்து அவர் மனைவி சியாமளா வந்தாள். அவர் கதையில் அதுவரை ஒரு வரி படிக்காதவள். ஆடியிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். அவள் கையிலும் கைபேசி.

"சுனை வர்ற இடமெல்லாம் தேடிப் படிச்சேன். குதிரையக் கூட எழுப்பியிருக்கீங்க."

கைபேசியை அவர் பக்கம் திருப்பி, காந்தளின் பெயரைக் காட்டினாள்.

"இவளையும் எழுப்பிடுங்களேன். எழுதுறதுதானே?"

எழுதிவிடலாம். ஒரு வரி போதும். காந்தள் கண் திறந்தாள் என்று எழுதினால் திறந்துவிடுவாள். ஓட்டைப்பல் தெரியச் சிரிப்பாள்.

அவர் கைபேசியைத் தள்ளி வைத்தார்.

"சுனை வத்திப்போச்சு, சியாமளா."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழத் தொடங்கினாள்.

அவள் ஒருத்திதான் நம்பினாள்.