லக்சன் மோட்டோர்ஸ்

லொறி வந்துவிட்டது. பெயர்ப்பலகையை மட்டும் இன்னும் கழற்றவில்லை.

பரமநாதன் ஏணியைக் கடையின் முகப்பில் சாத்தி மேலே ஏறினார். கீழே சாரதி பழைய தண்ணீர்ப் பம்புகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

நானாட்டான் ஊரில் கடைக்கு என்ன பெயரோ அதுதான் முதலாளிக்கும் பெயர். மகளின் பெயரில் புடைவைக்கடை வைத்த நுஃமானை ஊரே ‘றிப்கா நானா’ என்றுதான் கூப்பிடும். அவ்வளவு பெரிய மீசையோடு அந்த மனுசனும் திரும்பிப் பார்ப்பார்.

பரமநாதனின் கடை, மகன் பிறந்த வருசம் அவன் பெயரில் திறந்தது. ஆகவே அவர் லக்சன்.

லக்சன், பம்ப் தண்ணி இழுக்குதில்லை. லக்சன், மெசின் ஸ்டார்ட் வருதில்லை. வயற்காரர் வாசலில் நின்று கூப்பிடுவார்கள். அவரும் ‘ஓம், வாறன்’ என்று கையைத் துடைத்துக்கொண்டு வருவார்.

இப்போது கடை வவுனியாவுக்குப் போகிறது.

ஏன் என்று அவர் சொல்லத் தேவையே இருக்கவில்லை. ஊரே காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தது. உதிரிப்பாகம் எல்லாம் கொழும்பிலிருந்து முதலில் அங்கேதான் வந்து இறங்குகிறதாம். இங்கே நெல்வெட்டு முடிந்தால் அடுத்த விதைப்பு வரைக்கும் கடையில் ஈ கலைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதானே என்றார்கள். இப்போதைய மலிவுப் பம்பை யார் திருத்துகிறார்கள், தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறார்கள் என்றும் ஒரு பேச்சு.

பரமநாதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதுவும் பொய்யில்லை. ஆனால் இவையெல்லாம் போன வருசமும் இருந்த காரணங்கள்தான். போன வருசம் அவர் அசையவில்லை.

வவுனியாவில் புதுப் பலகை தயாராக இருந்தது. அதில் தன் சொந்தப் பெயரை எழுதச் சொல்லியிருந்தார்.

மனைவி மங்கையற்கரசிக்கு இந்தப் பயணத்தில் துளியும் விருப்பமில்லை. வேண்டாம் என்று வாய் திறந்தும் சொல்லவில்லை. வீடு கடைக்குப் பின்னால்தான். முன்பெல்லாம் கடைப்பக்கம் தலைகாட்டாதவள், மாசிக்குப் பிறகு சமையல் முடிந்ததும் கடைக்குள் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். டீசல் மணம் தலையிடி தரும், உள்ளே போ என்றாலும் கேட்கமாட்டாள். வீட்டில் தனியே இருக்கப் பயமாக்கும் என்று பரமநாதன் விட்டுவிட்டார்.

இன்று சாமான் முழுவதும் ஏறிவிட்டது. அவள் இன்னும் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

மாசியில்தான், உயிலங்குளத்துப் பாதையில் இருட்டுப்படும் நேரம், ஒரு மாடு குறுக்கே பாய்ந்தது. மகன் லக்சன் ஒரு வயலில் பம்பைத் திருத்திக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். ஆசுபத்திரி வரைக்கும் உயிர் இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடித்துக் கடையைத் திறந்த அன்றே, வாசலில் யாரோ ‘லக்சன்’ என்று கூப்பிட்டார்கள்.

பழக்கத்தில் பரமநாதன் ‘ஓம், வாறன்’ என்று சொல்லிவிட்டார்.

சொன்ன வாயை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பிள்ளையின் பெயரைக் கூப்பிடுகிறார்கள், தகப்பன் எழும்பி வந்து நிற்கிறான். பாவம் பார்த்துச் சிலர் ‘பரமநாதண்ணை’ என்று மாற்றிப் பார்த்தார்கள். நாக்குக் கேட்டால்தானே. நாள் முழுக்க யாராவது ஒருவர் வாசலில் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வவுனியாவில் அவரை ஒருவருக்கும் தெரியாது. அதுதான் காரணம். அதை அவர் மங்கையற்கரசிக்குக்கூடச் சொல்லவில்லை.

கடைசித் திருகாணி மட்டும் மிச்சம். பலகை ஒரு பக்கம் சரிந்து தொங்கியது.

அப்போதுதான் யேசுதாசன் சைக்கிள் கரியரில் பம்ப் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கடை திறந்த காலத்திலிருந்து வருகிறவர். ஏணியில் நின்றவரின் முதுகைப் பார்த்து, எப்போதும் போல, “லக்சன்” என்று குரல் கொடுத்தார்.

பரமநாதன் திரும்பவில்லை.

யேசுதாசன் நாக்கைக் கடித்துக்கொண்டார். “குறை நினையாதேங்கோ. பழக்கதோசம்.”

உள்ளே கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. மங்கையற்கரசி வாசலுக்கு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பரவாயில்லை அண்ணை. இன்னொருக்காக் கூப்பிடுங்கோ. அங்கை போனா ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்.”

பரமநாதனின் கை திருகாணியில் அப்படியே நின்றது. இத்தனை நாளும் அவள் எதற்காக அந்தக் கதிரையில் இருந்தாள் என்று இப்போதுதான் அவருக்கு விளங்கியது.

யேசுதாசன் அவரைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மெல்ல, “லக்சன்” என்றார்.

மங்கையற்கரசி பதிலுக்குக் காத்துக்கொண்டு நின்றாள்.

ஏணியில் நின்றவர் சுவரைப் பார்த்தபடியே, “ஓம், வாறன்” என்றார்.