ஈரக் கோது

ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகருக்கு வெளியே சிவமலர் வேலை செய்த தொழிற்சாலை, முன்பு கிணற்று நீர் இறைக்கும் இயந்திரங்கள் செய்தது. இப்போது பீரங்கிக் குண்டுகளுக்கான வெற்று இரும்புக் கோதுகள் செய்கிறது. வற்றிப்போன ஆறொன்றுக்காகத் தங்களுக்குள் அடிபடும் இரண்டு நாடுகளுமே அவற்றை வாங்கின.

ஒரு மத்தியானம் அவள் சோதித்த கோதுக்குள் தண்ணீர் நின்றது.

"அண்ணை, துடைக்கத் துடைக்க ஊறுது," என்றாள், மேற்பார்வை பார்க்கும் விமலநாதனிடம்.

"எண்ணெயா இருக்கும். ஊத்திப்போட்டு அனுப்புங்கோ."

அவள் கவிழ்த்தாள். கிணற்று மணத்தோடு தண்ணீர் நிலமெங்கும் பரவியது. துணி எடுத்துக்கொண்டு திரும்பியபோது, எல்லோரும் சப்பாத்துப் போடும் அந்தத் தளத்தில், சின்னச் சின்ன வெறுங்கால் தடங்கள் காய்ந்த ஆற்றுப் புழுதியோடு தண்ணீரை நோக்கி வந்திருந்தன. திரும்பிப்போன தடம் ஒன்றுமில்லை. தண்ணீர் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது.

"துடைச்சாச்சோ?" என்று விமலநாதன் கேட்டார்.

"ஏலாது அண்ணை. பிள்ளையள் இன்னும் குடிச்சு முடிக்கேல்லை."