வாசலில் வேப்பிலை

“ஹரிணிக்கு அம்மை போட்டுக்கீது அண்ணி. லீவுக்குப் பசங்கள இங்க இட்டுக்கினு வராதீங்க.”

நாத்தனார் பூங்காவனத்திடம் போனில் பொய் சொன்னேன். அக்கம்பக்கமும் நம்பட்டும் என்று வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் கணவரும் மகள் ஹரிணியோடு கோவளம் ரிசார்ட்டுக்குக் கிளம்பினோம். அங்கே அண்ணி எத்தனை முறை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. அலைச் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாம் நாள் உத்திரமேரூர் திரும்பினோம். வாசலில் பூங்காவனம் நின்றிருந்தார், மொட்டைத் தலையோடு.

“இன்னா அண்ணி இது?”

“மனசு கேக்காம பாக்க வந்தேன். வேப்பில கீது, வூடு பூட்டிக்கீது, போனும் எடுக்கல. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போற அளவுக்கு முத்திடுச்சேன்னு மாரியாத்தாளுக்கு முடியக் குடுத்துட்டேன்.”

ஹரிணி சிப்பிகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அண்ணி அவள் கன்னத்தைத் தடவினார்.

“அய்யோ, மூணே நாள்ல கொயந்த எப்டி கறுத்துப்பூட்டா!”