மாங்காய்ப் பால் கறை

மணியம்மாவை ஓட்டுப் போடவிடாமல் வெளியே அனுப்பிவிட்டார்கள். அனுப்ப வைத்தவர் கிருபானந்தம்.

மாநில எல்லையில், குடிபாலா பக்கம் ஒரு கிராமம். ஓடையைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே போன மாதமே தேர்தல் முடிந்தது. இங்கே இன்றைக்கு. இரண்டு பக்கமும் பட்டியலில் பெயர் வைத்திருக்கிறவர்கள் இல்லாமல் இல்லை. அதனால் வருகிறவர்களின் விரலை உற்றுப் பார்ப்பதே கட்சி ஏஜென்டுகளுக்கு வேலை.

கிருபானந்தம் ஒரு கட்சியின் ஏஜென்ட். ஓய்வு பெற்ற வாத்தியார். சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவர். அவர் சொன்னால் ஊர் நம்பும்.

"சார், இவ விரலைப் பாருங்க. மை! தமிழ்நாட்டுல போட்டுட்டு இங்கயும் வந்து நிக்கறா."

வாக்குச்சாவடி அதிகாரி ஜகந்நாதன், திருப்பதியிலிருந்து டியூட்டிக்கு வந்தவர். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். இடது சுட்டுவிரல். நகத்தை ஒட்டிக் கறுப்பு.

"என்னம்மா இது?"

"மை இல்ல சாமி, மாங்காப் பாலு. காம்பு கிள்ளறப்போ பீச்சி அட்ச்சி தோலு வெந்துபூட்ச்சி." கிருபானந்தத்தின் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்களே சொல்லுங்க. போன வாரம் உங்க தோப்புலதான கிள்ளிக்கினு இருந்தேன்?"

கிருபானந்தம் ஜன்னலைப் பார்த்தார்.

"நான் மாங்காயைப் பார்த்தேன். உன் கையையா பிடிச்சுப் பார்த்தேன்?"

வரிசை சிரித்தது. எதிர்க்கட்சி ஏஜென்ட் சண்முகம் சிரிக்கவில்லை.

"இன்னா சார் இது? ஊறுகா மாங்கா சீசன்ல இந்த ஊரு பொம்பளைங்க கையில கறை இல்லாம இருக்குமா? அந்தம்மா ஓட்டு எங்களுக்கு விழும். அதானே உங்களுக்குக் கடுப்பு?"

"அரசியல் பேசாதே. விரல்ல அடையாளம் இருந்தா ஓட்டு கிடையாது. சட்டம்!"

ஜகந்நாதன் நெற்றியைத் தேய்த்தார். "நேக்குத் தெரிஞ்ச மாங்கா, கடையில வாங்கறதோட சரி. இது பாலா, மையான்னு நான் எங்க கண்டேன்? உள்ளூர்ப் பெரியவர் சொல்றார். நீ வெளியில உட்காரும்மா, பார்க்கலாம்."

"பார்க்கறதென்ன சார்? கேஸ் எழுதணும். நானே புகார் குடுக்கறேன். சும்மா விட்டா அத்தனை பேரும் ஓடையைத் தாண்டி வந்துடுவாங்க."

மணியம்மா கிருபானந்தத்தின் முன்னால் வந்து நின்றாள்.

"திருடின்னு சொல்லிட்டீங்களே ஐயா. ஓட்டுகூடப் போவட்டும். நாளைக்கு எவன் தோப்புல என்னைக் கூலிக்கு வுடுவான்?"

போலீஸ்காரர் அவளை வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். கள்ள ஓட்டுக்காரி என்று யாரோ சொன்னது உள்ளே வரைக்கும் கேட்டது.

கிருபானந்தம் தண்ணீர் குடித்தார். அது மாங்காய்ப் பால்தான். அவருக்குத் தெரியும். அன்றைக்குத் தோப்பில் அவள் கையை உதறிக்கொண்டு நின்றபோது, 'தேங்காய் எண்ணெய் தடவு' என்று சொன்னதே அவர்தான். இருந்தாலும், இந்தத் தடவை போட்டி கடுமை. ஒரு ஓட்டு என்றாலும் ஓட்டுதான்.

கொஞ்ச நேரத்தில் தபிதா உள்ளே வந்தாள். அவர் மனைவி. பேரன் படிப்புக்காகக் காட்பாடியில் மகன் வீட்டில் இருக்கிறவள். முந்தாநாள்தான் ஊருக்கு வந்தாள். இடது சுட்டுவிரலில் பிளாஸ்டர்.

கிருபானந்தம் முந்திக்கொண்டார். "நம்ம வீட்டம்மா சார். காலையில அருவாமணையில கீறிக்கினாங்க."

"அடடா! பரவாயில்லை, மையை அடுத்த விரல்ல வெச்சுடலாம். கையை நீட்டுங்கோ."

தபிதா நீட்டவில்லை.

"வெளியில அந்தம்மா அழுதுகினு இருக்காங்களே, கறையை மைன்னு சொன்னது யாரு?"

"அதெல்லாம் உனக்கெதுக்கு? ஓட்டைப் போட்டுட்டு வீட்டுக்குப் போ" என்றார் கிருபானந்தம்.

தபிதா பிளாஸ்டரைப் பிய்த்தாள். கீறலும் இல்லை, ஒன்றும் இல்லை. நகத்தின் மேல் ஊதாக் கறுப்பில் ஒரு பட்டை.

"இதுதான் சார் மை. போன மாசம் காட்பாடியில வெச்சது."

தபிதா வெளியே போனாள். மணியம்மாவைக் கையோடு கூட்டி வந்து, அவள் விரலைத் தன் விரலோடு சேர்த்து மேஜை மேல் வைத்தாள்.

"ரெண்டும் ஒண்ணா சார்?"

ஒன்றில் தோல் வெந்து உரிந்திருந்தது. நகம் சுத்தம். மற்றதைச் சொல்ல வேண்டியதில்லை.

"நீ போய் ஓட்டைப் போடும்மா. தப்பு எங்க மேல" என்றார் ஜகந்நாதன்.

மணியம்மா போட்டுவிட்டு வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. போய்விட்டாள்.

ஜகந்நாதன் தபிதாவிடம் குரலைத் தாழ்த்தினார். "நீங்க இங்க ஓட்டுப் போடலையே. பேசாம ஆத்துக்குப் போயிடுங்கோ. நானும் மறந்துடறேன்."

"மறக்காதீங்க சார். அந்தம்மாவுக்குன்னா கேஸ், எனக்குன்னா மறதியா? எழுதுங்க. இந்த பிளாஸ்டரை ஒட்டிவிட்டது யாருன்னும் சேர்த்து எழுதுங்க."

சண்முகம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிருபானந்தத்தின் முகத்தைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

ஜகந்நாதன் வெள்ளைக் காகிதம் ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டார்.

"புகார் குடுக்கறேன்னு நீங்கதானே சொன்னேள்? விரல்ல மையோட வந்தவா பேரைச் சொல்லுங்கோ சார்."

ஆராதனையில் கடைசி பெஞ்சு வரைக்கும் கணீரென்று கேட்கிற குரல். இப்போது பக்கத்து நாற்காலிக்கே எட்டவில்லை.

"என்னது? கொஞ்சம் சத்தமா."

கிருபானந்தம் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"தபிதா."