கணக்கில் இல்லாத நாலு வீடுகள்

வண்டியின் மூக்கிலிருந்து ஆவி பறக்க, வாஷிங்டன்காரர் லுவெல்லாவின் வாசலில் வந்து நின்றார்.

எங்கள் பக்கத்து வழக்கப்படி, வந்தவர் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். வீட்டுக்காரி எட்டிப் பார்த்த பிறகுதான் இறங்குவார். இவர் ஓடிவந்து கதவைத் தட்டினார்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி வேணும். கல்லு பட்டு ரேடியேட்டர்ல ஓட்டை."

லுவெல்லாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. போன மாதக் கூட்டத்தில் வரைபடம் போட்டுக் காட்டிய அதே அரசாங்கத்து ஆள், கெண்டல்.

ஆற்றுத் தண்ணீரில் நவாஹோ பழங்குடிகளாகிய எங்களுக்கும் பங்கு உண்டு என்ற வழக்கு, நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. இப்போதுதான் சமாதானம் பேசுகிறார்கள். வழக்கை விடுங்கள், வீட்டுக்கு வீடு குழாய் போட்டுத் தருகிறோம் என்று.

அதற்கு என்ன செலவாகும் என்று எழுதிக் கொடுக்கிறவர் கெண்டல். தொகை பெரிதாக இருந்தால் மேலே உள்ளவர்களுக்கு மயக்கம் வந்துவிடுமாம். அதனால் கடைசிக் கிளைக் குழாயை வெட்டிவிட்டார். முப்பது மைல், நாலே வீடு. இரண்டு கோடி டாலர் மிச்சம்.

அவர் காட்டிய வரைபடத்தில் அந்த நாலு வீடுகளும் இல்லை. வெறும் மஞ்சள். வெள்ளிக்கிழமை அறிக்கை போகிறது. போய்விட்டால் குழாய் எங்கள் பக்கம் திரும்பாது. அறிக்கையில் ஒட்டுவதற்காக அந்தக் காலி நிலத்தைப் படம் பிடிக்கத்தான் மனிதர் கிளம்பி வந்திருக்கிறார்.

"தம்பி, இது எந்த இடம்னு தெரியுதா? ஒன் படத்துல மஞ்சளா இருந்துச்சே, அதுதான். இங்க வீடே கெடையாது. வீடில்லாத எடத்துல தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

கெண்டலின் முகத்தில் இதற்கு மேல் சிவக்க இடமில்லை. வெயில் முன்பே சிவக்க வைத்திருந்தது.

சிரிக்காதீர்கள் கண்ணுகளா, பாவம், தாகத்தில் உதடு வெடித்திருந்தது. லுவெல்லா முதலில் அவருக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்தாள். பிறகுதான் வண்டிக்கு வாளியைத் தூக்கினாள். பிள்ளைக்குப் பாலாடையில் புகட்டுவதுபோல ஊற்றி, பாதியில் நிறுத்தினாள்.

"இன்னும் ரொம்பலையே அம்மா?"

"இது ஏழு மைல் தாங்கும்." உதட்டைக் குவித்து வடக்கே காட்டினாள். "அங்க என் தங்கச்சி வீடு. அதுவும் இல்லாத வீடுதான். கேளு, குடுப்பா. வாய் கொஞ்சம் நீளம், பொறுத்துக்க."

வண்டி நகர்ந்ததும் லுவெல்லா சிக்னல் கிடைக்கிற மேட்டில் ஏறி எனக்குப் போன் போட்டாள். சிரிப்பில் அக்கா சொன்னது பாதிதான் புரிந்தது.

பாதியே போதும்.

அன்று காலையில்தான் நாலு வீட்டாரும் ஒன்றாகப் போய், ஐம்பது மைலுக்கு அப்பாலிருந்து தண்ணீரைத் தொட்டி தொட்டியாக ஏற்றி வந்திருந்தோம். தெற்கே புழுதி எழுந்தது. கைப்பழக்கத்தில் வாளி நிறைய முகந்துவிட்டேன்.

பிறகு பாதியைத் தொட்டியிலேயே ஊற்றினேன்.

எனக்கு அடுத்து அவர் தட்டவேண்டிய வீடு இன்னும் இரண்டு இருக்கிறது.