உள்ளங்கையா, புறங்கையா?

"மணிக்கட்டு ஒடைஞ்சா எலும்பைச் சேத்துப் பிடிக்கற பிளேட்டை உள்ளங்கைப் பக்கம்தான் வைக்கணும்" என்றார் டாக்டர் ஜியான்.

"புறங்கைப் பக்கம் வைங்க. மூட்டு நேராக் கண்ணுக்குத் தெரியும்" என்றாள் டாக்டர் செராய்னா.

"அங்க வெச்சா பிளேட்டு உரசி தசைநார் அறுந்துடும், தாயே!"

"அது உங்க தாத்தா காலத்துப் பிளேட்டு!"

பனிச்சறுக்குக் காலம் வந்துவிட்டால், அந்த சுவிஸ் மலையூர் ஆஸ்பத்திரியில் இதே சண்டைதான். இரண்டு பிளேட்டுகளையும் தட்டில் ஏந்தி நர்ஸ் விழித்தாள்.

"கடைசியாக் கேக்கறேன். உள்ளங்கைதானே?" என்றார் ஜியான்.

"புறங்கை!"

ஜியான் கத்தியைக் கீழே வைத்தார். ஆபரேஷன் மேஜைமேல் தன் உடைந்த கையை நீட்டிப் படுத்திருந்த செராய்னாவைக் காட்டி, மயக்க மருந்து டாக்டரிடம் கெஞ்சினார்:

"உர்ஸ், கையை மட்டும் மரத்துப்போக வெச்சா எப்படிய்யா? முதல்ல அந்த வாய்க்கு ஒரு ஊசி போடு!"